புள்ளி விழுகிற பேனா

பதினெட்டு வருடமாக வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன், அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்துகிறேன். திருச்சியில், ஸ்ரீரங்கத்துப் பக்கம் இரண்டு அறை வீடு. எழுதுவதெல்லாம் மைப்பேனாவில்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மருத்துவ நூலின் மெய்ப்பில் ‘பல் வைத்தியம்’ என்று திருத்தி எழுதினேன். பேனா புள்ளியை விட்டுவிட்டது. தட்டச்சு செய்தவர் தாளில் இருந்தபடியே ‘பல வைத்தியம்’ என்று அடித்தார். அதற்கும் பொருள் இருக்கிறதல்லவா, அடுத்த மெய்ப்பில் என் கண்ணிலும் படவில்லை. அப்படியே அச்சாகிவிட்டது. அன்றிலிருந்து எந்தப் பேனாவைக் கையில் எடுத்தாலும் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: புள்ளி விழுகிறதா?

தமிழ் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. கோடு இழுக்கும்போது நிப்பு தாளை உரசிக்கொண்டே போவதால் மை பின்னாலேயே வந்துவிடும். புள்ளிக்கு அந்த உரசல் இல்லை. தொட்ட கணத்தில் மை இறங்க வேண்டும். கடையில் எல்லாரும் சுழி சுழியாகக் கிறுக்கிப் பார்த்து, வழவழவென்று போகிறதே என்று வாங்கிவிடுகிறார்கள். அந்த வழவழப்பை மட்டும் நம்பாதீர்கள். நிப்பு நுனியை அளவுக்கு மீறி மெருகேற்றியிருந்தால், நடுவிலுள்ள பிளவு தாளைத் தொடாமல் உள்வாங்கி நிற்கும். கோட்டில் ஜோராக ஓடுகிற அந்த நிப்பு புள்ளியில் கைவிட்டுவிடும். நான் ‘பல் வைத்தியம்’ என்றே எழுதிப் பார்ப்பேன். மூன்று புள்ளி இருக்கிறது. பத்துத் தடவை எழுதி முப்பது புள்ளியும் விழுந்தால் பேனா வீட்டுக்கு வரலாம்.

நிப்பின் பருமனையும் தமிழை வைத்தே முடிவு செய்யுங்கள். ண, ணை, ஞ, இ இவற்றின் சுழிகள் சிறியவை. பொடியாக எழுதுகிறவர் மீடியம் நிப்பு வாங்கினால் சுழிக்குள் மை நிரம்பி, ‘ண’ எது ‘ன’ எது என்று தெரியாமல் போகும். ஃபைன் வாங்குங்கள். ஜப்பான் பேனாக்களில் ஃபைன் என்பது ஐரோப்பியப் பேனாக்களின் ஃபைனைவிட மெலிது; இதைக் கணக்கில் வையுங்கள். மீடியம், ப்ராட் எல்லாம் கையெழுத்துப் போடவும் வாழ்த்து எழுதவும் அழகு.

முதல் பேனாவுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் போட வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று விற்கும் பேனாவிலேயே நல்ல நிப்பு அமைவதுண்டு. ஆறு மாதம் அதில் எழுதிப் பழகி, கை பிடித்துப்போன பிறகு எபோனைட் பேனாவுக்குப் போங்கள். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர். வியர்க்கும் கையிலும் வழுக்காது, பிடித்த சிறிது நேரத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். திருவள்ளூரில் ரங்கா பேனாவும், ராஜமுந்திரியில் ரத்னம் பேனாவும் இன்றும் கையால் கடைந்து செய்பவைதான். ரத்னம் பேனாவைப் பாராட்டி 1935-இல் காந்தி கடிதம் எழுதியிருக்கிறார். சென்னை பாரிமுனைக்குப் போகிறவர்கள் ‘ஜெம் அண்ட் கோ’ என்ற பேனாக் கடையில் பத்து நிப்பாவது எழுதிப் பார்த்து வாங்கலாம். நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். ஒன்று சொல்ல வேண்டும்: எபோனைட்டை வெயிலில் வைக்காதீர்கள், கறுப்பு மங்கிப் பழுப்பாகிவிடும்.

புதுப் பேனாவில் உடனே மை ஊற்றக்கூடாது. செய்யும்போது பட்ட எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் விளக்கும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு, நிப்பு பொருந்தியிருக்கும் கழுத்துப் பகுதியை அதில் அலசி, அப்புறம் நல்ல தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் வேண்டாம், ஸ்பிரிட் கூடவே கூடாது.

ஃபில்லரால் உடம்புக்குள் நேரே மை ஊற்றும் பேனா என்றால், கழுத்தும் உடம்பும் சேரும் மரையில் குண்டூசித் தலையளவு சிலிக்கோன் கிரீஸ் தடவி மூடுங்கள். கசியாது. மை கால்வாசிக்கு வரும்வரை விடாதீர்கள்; பாதிக்குக் கீழே போனதும் நிரப்பிவிடுங்கள். காரணம் இருக்கிறது. மை குறையக் குறைய உள்ளே காற்று கூடுகிறது. கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ள, தாளில் சொட்டாக விழுகிறது. சித்திரை மாதத்து மதியத்தில் முடித்த பக்கத்தின் மேல் இப்படி ஒரு சொட்டு விழுந்தால் மனசே விட்டுப்போகும்.

நிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதில் மயிரிழை போல வாய்க்கால் ஓடும். மை கீழே இறங்க வேண்டுமானால் அந்த இடத்தை நிரப்பக் காற்று மேலே ஏற வேண்டும். இரண்டுக்கும் வழி விடுவது அந்தக் கட்டைதான். இந்த ஏற்பாட்டுக்குத்தான் நியூயார்க்கின் லூயிஸ் வாட்டர்மேன் 1884-இல் காப்புரிமை வாங்கினார். வாய்க்காலில் காய்ந்த மை அடைத்தால் முதலில் போவது புள்ளி. அதனால் மைப்பேனாவுக்கான மையை மட்டும் ஊற்றுங்கள். படம் வரைகிற நீர்புகா மை உள்ளே காய்ந்து இறுகிவிட்டால் பேனாவை மறந்துவிட வேண்டியதுதான். இரண்டு மைகளைக் கலப்பதும் வேண்டாம். மெய்ப்புக்கு ஒரு சிவப்பு, குறிப்பேட்டுக்கு ஒரு ராயல் ப்ளூ, இரண்டுக்கும் தனித்தனிப் பேனா என்று வைத்திருக்கிறேன்.

தாளுக்கு வருவோம். கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் தமிழ்நாடு காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது. அவர்களுடைய 80 ஜிஎஸ்எம் நகல் தாளில் என் பேனாக்கள் நன்றாகவே எழுதுகின்றன. மை பரவுவதில்லை, மறுபக்கம் ஊறுவதும் குறைவு. விலை கூடிய நோட்டை வாங்கி, கெட்டுவிடுமோ என்று பயந்து எழுதாமல் வைத்திருப்பதைவிட இந்தத் தாளில் நூறு பக்கம் எழுதலாம்.

நெடுநாள் எனக்குப் புரியாத சங்கதி ஒன்று இருந்தது. பக்கத்தின் மேல்பாதியில் ஒழுங்காக விழும் புள்ளி, கீழ்ப்பாதிக்கு வந்ததும் தவறும். பேனாவைக் கழுவினேன், நிப்பை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் குற்றம் என் உள்ளங்கையில். மேலே எழுதும்போது கை கீழ்ப்பாதியில் பதிந்து, வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தாளில் ஏறிவிடுகின்றன; அதன்மேல் மை ஒட்டுவதில்லை. இப்போது கைக்கு அடியில் எப்போதும் ஒரு மையொற்றுத் தாள். தலைக்கு எண்ணெய் தேய்த்த அன்று சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே எழுத உட்காருகிறேன்.

இத்தனையும் ஓரிடத்தில் தயாராக இருந்தால்தான் பேனா தினமும் கைக்கு வரும். பெரிய அறை எதுவும் தேவையில்லை. என் மேசை அம்மாவின் தையல் மிஷின் மேசை. அம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு மிஷினின் தலையைக் கழற்றிவிட்டு, மூன்றடிக்கு ஒன்றரை அடியில் ஒரு பலகையைத் தச்சர் மேலே பொருத்திக் கொடுத்தார். கீழே காலால் மிதிக்கிற இரும்புத் தட்டை எடுக்க விடவில்லை. எழுதும்போது என் கால் அதில்தான் இருக்கும்; யோசிக்கிற நேரத்தில் தானாக மிதித்துக்கொண்டும் இருக்கும். அம்மா பக்கத்து அறையிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு, “இன்னும் முடியலையாம்மா?” என்பார்.

வலக்கைக்காரர்கள் ஜன்னல் இடப்பக்கம் வருகிற மாதிரி மேசையைப் போடுங்கள். அப்போதுதான் கையின் நிழல் எழுதும் இடத்தில் விழாது. இடக்கைக்காரர்களுக்கு இதற்கு நேர்மாறு. இரவுக்கு மஞ்சள் வெளிச்ச விளக்கு ஒன்று, அதுவும் அதே பக்கத்தில். மின்விசிறி இல்லாமல் நம்மால் உட்கார முடியாது, ஆகவே தாளுக்குப் பாரம் வேண்டும். தாத்தாவின் மளிகைக் கடையில் இருந்த அரைக்கிலோ படிக்கல் என் மேசையில் இருக்கிறது. மைப்புட்டியை அகலமான கிண்ணத்துக்குள் வைத்துத்தான் திறப்பேன். மேசையில் வேறு எதையும் சேர்ப்பதில்லை. செல்போனுக்கு இடம் அடுத்த அறையில்.

இரவில் பேனாவை மூடி, நிப்பு மேலே பார்க்கும்படி டம்ளரில் நிறுத்திவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் எழுதப் போவதில்லை என்றால் மையை வெளியே எடுத்துவிட வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பேனாக்களையும் கழுவுவேன். கழுத்துப் பகுதியை வெள்ளைக் கிண்ணத் தண்ணீரில் போட்டால் நிப்பின் பிளவிலிருந்து நீலம் ஒரு நூலாகப் பிரிந்து அடியில் இறங்கிப் படரும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மூன்று நான்கு தடவை தண்ணீர் மாற்றித் தெளிந்ததும், பழைய பருத்தித் துணியில் நிப்பு கீழே இருக்கும்படி சுற்றி டம்ளரில் நிறுத்தினால் மீதி ஈரத்தைத் துணி இழுத்துக்கொள்ளும். திங்கள் காலை மை ஊற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, வேறு எதையும் எழுதுவதற்கு முன் ‘பல் வைத்தியம்’ என்று ஒரு தடவை எழுதிப் பார்ப்பேன்.