உருட்டிய ஐ செக்‌ஷன் இல்லை, வெல்டிங் செய்தது

கோவைப் பக்கம் ஒரு ஷெட்டுக்கான ராஃப்டர், அதாவது கூரையைத் தாங்கும் சாய்வான உத்திரம். 250-க்கு 10 மி.மீ. ஃபிளேஞ்ச் (மேலும் கீழும் படுத்திருக்கும் தகடு), 6 மி.மீ. வெப் (நடுவில் நிற்கும் தகடு), ஈ350 ரக எஃகு பிளேட்டை வெட்டி வெல்டிங் செய்யும் ஐ செக்‌ஷன். சாஃப்ட்வேர் பாஸ் என்றது. எனக்கும் நிம்மதி.

கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தபோதுதான் இடித்தது. ஃபிளேஞ்ச் வெப்புக்கு வெளியே ஒரு பக்கம் நீட்டியிருப்பது 122 மி.மீ.; 10-ஆல் வகுத்தால் 12.2. எஃகுக் கட்டுமான விதிநூலான ஐஎஸ் 800:2007-இல் இந்த விகிதத்துக்கான செமி காம்பாக்ட் வரம்பு, ஆலையில் உருட்டிய செக்‌ஷனுக்கு 15.7 எப்சிலான், வெல்டிங் செய்ததற்கு 13.6 எப்சிலான். எப்சிலான் என்பது எஃகின் வலிமையைப் பொறுத்த காரணி; ஈ350-க்கு 0.845. அதாவது 13.3-க்குள் இருக்கிறது, 11.5-ஐத் தாண்டிவிட்டது. என் ஃபிளேஞ்ச் ஸ்லெண்டர், அதாவது எஃகின் முழு வலிமையை எட்டும் முன்பே நெளியக்கூடியது! செக்‌ஷனை உள்ளிடும்போது ‘ரோல்டு’ (உருட்டியது) என்றே விட்டிருந்தேன். ஒரே ஒரு டிக், அவ்வளவுதான்.

ஃபிளேஞ்சை 220-க்கு 12 ஆக்கினேன். விகிதம் 8.9. எடை ஃபிளேஞ்சுக்கு மீட்டருக்கு ஒரு கிலோ சொச்சம்தான் கூடியது.

அதோடு முடியவில்லை. பக்கவாட்டு முறுக்கு பக்லிங்கில், அதாவது உத்திரம் பக்கவாட்டில் சரிந்து முறுக்கிக்கொள்வதற்கான கணக்கில், குறைபாட்டுக் காரணியான ஆல்ஃபா வெல்டிங் செய்ததற்கு 0.21 இல்லை, 0.49. வெல்டிங் சூடு ஆறும்போது உள்ளே தங்கும் தகைவுதான் காரணம். ஃபேப்ரிகேஷன் யார்டில் ஃபிளேஞ்ச் ஓரம் லேசாக மடங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். காற்று மேலே தூக்கும்போது அழுத்தம் கீழ் ஃபிளேஞ்சுக்கு வரும். அதனால் ஒன்று விட்டு ஒரு பர்லினில் (கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) இருந்த ஃபிளேஞ்ச் பிரேஸை, அதாவது கீழ் ஃபிளேஞ்ச் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் துண்டை, ராஃப்டரின் நடுப்பகுதியில் எல்லாப் பர்லினிலும் கொடுத்தேன். அப்புறம்தான் டிராயிங் யார்டுக்குப் போனது.