பழைய காருக்கு மாற்றுச் சாவி: பூட்டு திரும்பினால் மட்டும் போதாது

கம்பம், கூடலூர் பக்கம் பழைய கார் தேடுபவர்களில் பலருக்குக் கேரள நம்பர் வண்டிதான் அமைகிறது. குமுளி, வண்டிப்பெரியாறு, கட்டப்பனை என்று மேலே ஓடிய வண்டி கைமாறி மலையிறங்கும்போது ஆர்சி வரும், என்ஓசி வரும், இரண்டாவது சாவி மட்டும் வராது. ஒரு மாதம் கழித்து வாங்கியவர் டூப்ளிகேட் போடக் கிளம்புவார். அதற்குப் பிறகு நடக்கும் தவறுகள் ஆள் மாறினாலும் மாறுவதில்லை. சாவிக் கடையில் தொழில் பழகும் பையன்களும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். சாவியை வண்டிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள் என்பதை எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விட்டுவிடலாம்.

பூட்டு திரும்பியதும் காசைக் கொடுத்துவிடுவது

கார் சாவியில் பொருந்த வேண்டியவை மூன்று. பிளேடின் பக்கவாட்டில் ஓடும் காடி பூட்டு வாய்க்குள் நுழைய வேண்டும். பல் வெட்டு, பூட்டுக்குள் இருக்கும் சின்னத் தகடுகளைச் சரியான உயரத்தில் நிறுத்த வேண்டும். இவை இரண்டும் சரியாக இருந்தால் பூட்டு திரும்பும், ஸ்டார்ட்டர் மோட்டாரும் சுற்றும். மூன்றாவது, சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும் சிப். சாவி ஆன் நிலைக்கு வந்ததும், பூட்டு வாயைச் சுற்றியுள்ள ஆன்டெனா சுருள் அந்தச் சிப்புக்கு மின்சாரம் ஊட்டி, "நீ யார்" என்று கேட்கும். பதில் சரியில்லை என்றால் இமொபிலைசர், அதாவது திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு, இன்ஜினை ஓட விடாது.

அம்பாசடர், ஆரம்பகால மாருதி 800, பழைய ஆம்னி போன்றவற்றில் சிப் கிடையாது. 2000க்குப் பிறகுதான் இது ஒவ்வொரு வண்டியாகப் பரவியது. மாருதி இதற்கு ஐகேட்ஸ் என்று பெயர் வைத்தது. ஒரே மாடலில் சில ஆண்டு வண்டிகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. சாவியை ஆன் செய்து டாஷ்போர்டைப் பாருங்கள். சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட விளக்கு எரிந்து அணைந்தால் சிப் உள்ள வண்டி. அது விடாமல் மின்னினால், உள்ளே இருக்கும் சாவியை வண்டி ஏற்கவில்லை.

இதைப் பார்க்காததால் வரும் செலவைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். வாழைத்தார் வியாபாரி ஒருவரிடம் 2010க்குப் பிந்தைய வேகன்ஆர் ஒன்று, அதற்கு ஒற்றைச் சாவி. ரிமோட் கவர் உடைந்திருந்தது. வண்டியை மண்டியில் விட்டுவிட்டுச் சாவியை மட்டும் கடைக்குக் கொண்டுபோனார். பையன் புதுக் கவரில் சர்க்யூட் பலகையையும் பேட்டரியையும் மாற்றி வைத்து, பிளேடையும் வெட்டிக் கொடுத்தான். பழைய கவர் குப்பைக்குப் போனது. மண்டிக்கு வந்து அழுத்தினார், கதவு திறந்தது. ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. ரிமோட் வேலை செய்கிறதே என்று சாவி மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மெக்கானிக் பிளக் மாற்றினார், பெட்ரோல் பம்ப் மாற்றினார். விளக்கு மின்னுவதை ஒருவர் கவனித்து, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டபோது குப்பை வண்டி போய் நாளாகிவிட்டது. சிப் அந்தப் பழைய கவருக்குள் ஒட்டியிருந்தது. கையில் சாவி இருந்தும், வண்டியின் கணக்கில் எல்லாச் சாவியும் தொலைந்துவிட்டது.

ரிமோட்டும் சிப்பும் வேறு வேறு வேலை செய்பவை. ரிமோட்டுக்குப் பேட்டரி வேண்டும், சிப்புக்கு வேண்டாம். சில சாவிகளில் சிப் சர்க்யூட் பலகையிலேயே இருக்கும். பலகையை மாற்றினால் கூடவே வந்துவிடும். வேறு சிலவற்றில் அது தனித் துண்டு: ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளமுள்ள கறுப்புச் சில்லு அல்லது கண்ணாடிக் குழாய், கவரின் ஒரு மூலையில் செருகியோ பசை போட்டோ இருக்கும். பழைய கவரைக் கத்தியால் கீறித் தேடுங்கள். கண்ணாடிக் குழாய் என்றால் நெம்பாதீர்கள், உடையும். புதுச் சாவியில் இன்ஜின் ஒரு நிமிடமாவது நின்று ஓடும்வரை பழைய கவர் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

புதுச் சாவி திரும்புகிறது, வண்டி பிடிக்கவில்லை என்றால் சோதனை எளிது. பழைய சாவியின் தலையைப் பூட்டு வாயை ஒட்டிப் பிடித்துக்கொண்டு புதுச் சாவியைத் திருப்புங்கள். இப்போது ஸ்டார்ட் ஆனால் வெட்டு சரி, சிப்தான் கோளாறு. மற்ற நேரத்தில் சோதிக்கும்போது இரண்டு சிப் சாவிகள் ஒரே வளையத்தில் தொங்கக் கூடாது. ஒன்றின் பதில் மற்றதைக் குழப்பும்.

சிப்பைச் சேர்க்க வழி இரண்டு. ஓடும் சாவியிலிருந்து எண்ணை எடுத்து வெற்றுச் சிப்பில் எழுதுவது குளோனிங். வண்டியின் கம்ப்யூட்டரைத் தொட வேண்டியதில்லை, ஆனால் ஓடும் சாவி ஒன்று கையில் இருந்தே ஆக வேண்டும். மற்றது, ஸ்கேனர் மூலம் வண்டியின் கம்ப்யூட்டரில் புதுச் சாவியைப் பதிவது. இந்த முறையில் பல வண்டிகளில், பதியும் நேரத்தில் இல்லாத சாவிகள் அழிந்துவிடும். அதனால் வீட்டில் கிடக்கும் சாவியையும் கொண்டுபோங்கள். காயலான் கடையில் அதே மாடலின் சாவி கிடைத்ததே என்று வாங்காதீர்கள். ஒருமுறை ஒரு வண்டியில் பதிந்த சிப் பெரும்பாலும் அதோடு பூட்டப்பட்டிருக்கும்.

ஓடும் சாவி கையில் இருக்கும்போது இந்த வேலை சில ஆயிரத்தில் முடியும். எதுவும் இல்லாவிட்டால் வண்டியைக் கட்டி இழுத்துப்போய், கம்ப்யூட்டரைக் கழற்றிப் படிக்க வேண்டியிருக்கும், அல்லது பாகத்தையே மாற்ற வேண்டியிருக்கும். செலவு பல மடங்கு.

மாடல் பெயரைச் சொல்லி பிளாங்க் வாங்குவது

"ஸ்விஃப்ட் சாவி ஒன்று கொடுங்கள்" என்றால் கடைக்காரர் ஏதோ ஒரு பிளாங்க்கை, அதாவது பல் வெட்டாத வெற்றுச் சாவியை, எடுத்துக் கொடுப்பார். மாடல் பெயர் பத்து வருடம் ஓடும், பூட்டு நடுவில் மாறியிருக்கும். முன்பே யாராவது லாக் செட் மாற்றியிருந்தால், வருடத்தைச் சேர்த்துச் சொன்னாலும் உதவாது. பழைய சாவியையும் பிளாங்கையும் ஒட்டி வைத்து நான்கு இடம் பாருங்கள்: இரு பக்கக் காடியும், அது இடமா வலமா என்பதும், பிளேடின் நீளம், தடிமன், வெட்டும்போது மெஷினில் முட்டி நிற்கும் தோள் இருக்கும் இடம். தோள் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் எல்லாப் பல்லும் தள்ளிப்போகும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் பிளாங்க் எண் வேறு, ஆகவே எண் ஒத்துப்போவதை விடக் காடி ஒத்துப்போவதை நம்புங்கள்.

பித்தளை அல்லது நிக்கல் கலந்த பிளாங்க் வாங்குங்கள். அதைவிட மிருதுவான உலோகத்தில் செய்த பிளாங்க், ஆழமான பல் உள்ள இடத்தில் ஒடிந்து பாதி பூட்டுக்குள் நிற்கும்.

தேய்ந்த சாவியிலிருந்து நகல் எடுப்பது

ஒரு வெட்டு ஆழத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவே வித்தியாசம். பதினைந்து வருடம் தேய்ந்த சாவியை நகலெடுத்தால் அந்தத் தேய்மானமும் நகலில் வரும், மெஷினின் பிசகும் சேரும். அந்த நகலிலிருந்து இன்னொன்று எடுத்தால் கதவு திறக்கும், இக்னிஷன் திரும்பாது. பல வண்டிகளில் கதவுப் பூட்டைவிட இக்னிஷனில் தகடுகள் அதிகம் என்பதால் கதவில் சோதித்தது கணக்கில் வராது.

புது வண்டியோடு வரும் சின்ன உலோக வில்லையில் சாவி எண் அடித்திருக்கும். அது கிடைத்தால் எண்ணை வைத்து அசல் அளவில் வெட்டலாம். கிடைக்காவிட்டால், அதிகம் பயன்படுத்தாத சாவியிலிருந்து நகலெடுங்கள். திரும்பவில்லை என்பதற்காகப் புதுச் சாவியை அரத்தால் ராவாதீர்கள். முதலில் ஸ்டீயரிங்கைச் சற்று இடம் வலம் ஆட்டிக்கொண்டு திருப்பிப் பாருங்கள். பாதி நேரம் ஸ்டீயரிங் லாக் இறுகியதுதான் காரணம்.

பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய்

வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், குமுளியில் மார்கழிக் காலையில் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். கிராஃபைட் பொடி போதும்.

தோட்டத்து ஜீப்புக்குச் சாவி தேடி அலைவது

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் பழைய ஜீப்பில் எந்தச் சாவியைப் போட்டாலும் திரும்புகிறது, ஓடும்போதே உருவவும் முடிகிறது என்றால் தேய்ந்தது பூட்டு. சாவி தேடாமல் இரண்டு சாவியோடு வரும் புது இக்னிஷன் சுவிட்சை மாட்டுங்கள். வயர் கழற்றும் முன் ஒரு போட்டோ.

ஆர்சி கேட்காத கடை

போகாதீர்கள்.

விற்பவரிடம் கேட்காமல் விடுவது

மீதிப் பணம் கொடுக்கும் முன் இரண்டாவது சாவியையும் எண் வில்லையையும் கேளுங்கள். என்ஓசிக்காக ஆர்டிஓ அலுவலகத்துக்கு நடக்கும் நாட்களிலேயே தேடச் சொல்லுங்கள். கணக்கு முடிந்த பிறகு யாரும் அலமாரியைத் திறந்து பார்க்கமாட்டார்கள். திருட்டு இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாச் சாவிகளையும் கேட்பது வழக்கம். இரண்டாவது சாவி கிடைக்கவே இல்லை என்றால், ஒரே சாவிதான் பெற்றுக்கொண்டதாக விற்பனைச் சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பிறகு புதுச் சாவி போடும்போது, வண்டி ஏற்றுக்கொள்ளும் சாவிகள் எத்தனை என்று ஸ்கேனரில் பார்க்கச் சொல்லி, உங்களிடம் இல்லாதவற்றை அழித்துவிடுங்கள்.