போரில் வறட்சியின் பங்கை எடைபோடுவது எப்படி?

‘காலநிலை மாற்றத்தால் மூண்ட போர்’ என்று ஒரு செய்தியைப் படித்தால் அதை அப்படியே ஏற்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். முதலில் மழை பொய்த்த ஆண்டையும் போர் தொடங்கிய ஆண்டையும் அருகருகே எழுதிப் பாருங்கள். சூடானின் மேற்குப் பகுதியான டார்ஃபூரில் கொடிய பஞ்சம் வந்தது 1984–85இல். பெரும்போர் வெடித்ததோ 2003இல்.

இந்த 18 ஆண்டு இடைவெளியில் என்ன நடந்தது என்று தேடுவதுதான் முக்கியமான வேலை. முன்பு அறுவடை முடிந்த வயல்களில் மேய்ப்பர்களின் ஒட்டகங்கள் அடித்தாளை மேய்ந்து, சாணத்தை எருவாக விட்டுச் சென்றன. வடக்கே மேய்ச்சல் நிலம் காய்ந்தபோது அவை அறுவடைக்கு முன்பே தெற்கே வந்தன. உழவர்கள் பயிரையும் புல்லையும் காக்க முள்வேலி போட்டார்கள். ஒரு வேலியிலிருந்து பகை எப்படி முளைக்கிறது என்பதை இங்கே நின்று நிதானமாகப் பாருங்கள்.

அடுத்து, தகராறைத் தீர்த்துவைக்க யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். பஞ்சாயத்து பேசிவந்த பழங்குடித் தலைவர்களின் நிர்வாக அமைப்பை அன்றைய சூடான் அதிபர் நிமெய்ரியின் அரசு 1970களின் தொடக்கத்திலேயே கலைத்துவிட்டது. அண்டை நாடான சாட்டில் நடந்த போரிலிருந்து துப்பாக்கிகளும் வந்து சேர்ந்தன.

பிறகு, ஆயுதம் கொடுத்தது யார் என்று பாருங்கள். டார்ஃபூரில் அரசுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை ஒடுக்க, ஊர்களை எரித்த ஜஞ்சவீத் என்ற அரபு ஆயுதக் குழுக்களுக்கு ஆயுதம் கொடுத்தது தலைநகர் கார்த்தூமில் இருந்த சூடான் அரசு. டார்ஃபூர் மோதல் சூழலியல் நெருக்கடியாகத் தொடங்கியது என்று 2007இல் ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன் எழுதியபோது, அது கொலைகாரர்களைத் தப்பவிடும் விளக்கம் என்ற கண்டனம் எழுந்தது. அது நியாயமான கண்டனம் என்றே கருதுகிறேன். எனவே உங்கள் குறிப்பில் வறட்சிக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள், ஊர்களை எரிக்கக் கட்டளையிட்டவர்களைத் தனியே எழுதுங்கள்.