சுமை நடைப் பயிற்சி: முதலில் பாதத்தைக் கவனியுங்கள்
பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படைத் தேர்வில், வேல்ஸின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலைகளில் 886 மீட்டர் உயரமுள்ள பென் எ வான் சிகரத்தை முதுகுச் சுமையுடன் கடந்து, மறுபுறம் இறங்கி, வந்த வழியே திரும்பும் சுமார் 24 கிலோமீட்டர் நடை ஒரு முக்கியக் கட்டமாகும். மலைக் கட்டத்தின் இறுதி நடையோ ஏறத்தாழ 64 கிலோமீட்டர், அதை 20 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். இத்தகைய தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர்கள் பலர் ஓட்டத்தை மட்டுமே நம்புகிறார்கள். ஆனால் மூச்சு வாங்குவதற்கு முன்பே பாதமும் முழங்காலும் கைவிட்டுவிடும் என்பதே என் உறுதியான எண்ணம்.

ஆகவே வாரத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை, 10 கிலோ சுமையுடன் நடக்கத் தொடங்கி, எடையையும் தூரத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்து ஏற்றாமல் மாறிமாறிக் கூட்டிச் செல்லுங்கள். பையில் கனமான பொருள் அடியில் தொங்காமல், தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும். இறக்கத்தில் சிற்றடி வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி இறங்குங்கள். குதிகாலில் சூடு தெரிந்த உடனேயே நின்று, பூட்ஸைக் கழற்றி, ஈரக் காலுறையை மாற்றி, அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள்; இரண்டு நிமிடம் வீணாகிறதே என்று தொடர்ந்து நடந்தால், கொப்புளம் உடைந்து ஒரு வாரப் பயிற்சியே கெட்டுப்போகும்.