எக்ஸ்கியூரி: பிழை காட்டாமலே தப்பாகும் குறிகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பச்சைத் தேயிலைக் கொள்முதல் கணக்கை எக்ஸ்எம்எல் கோப்பில் (ஒவ்வொரு விவரத்துக்கும் பெயரிட்டு அடுக்கிய கோப்பு) வைத்து, அதில் தேடும் மொழியான எக்ஸ்கியூரியில் விவரம் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிழைச் செய்தி வந்தால் உடனே திருத்திவிடலாம். அது வராமல் தப்பான விடை வருவதுதான் ஆபத்து. சிறு விவசாயியின் பணம் அதில் இருக்கிறது. (எலிமெண்ட், அதாவது கோப்பில் பெயரிட்ட ஒவ்வொரு விவரம்; அதன் பெயர் தமிழில் இருக்கலாம். மொழியின் சொற்களை மட்டும் கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்.)

மழை நாளில் ஈரத்துக்குக் கழிவு பிடிப்பார்கள். அதற்கு எடை-கழிவு என்று ஒட்டி எழுதினால் கழித்தல் நடக்காது. பெயருக்குள் இடைக்கோடு வரலாம் என்பது விதி. அதனால் அந்தப் பெயரில் ஒரே எலிமெண்டைத் தேடி, கிடைக்காமல் வெறுமையாகத் திரும்பும். எடை - கழிவு என்று இருபுறமும் இடம் விடுங்கள்.

வகுத்தலுக்குச் சாய்கோடு போடவே கூடாது. அது பாதைக்கு, அதாவது ஒரு எலிமெண்டிலிருந்து அடுத்ததற்குப் போவதற்கு, உரியது. மொத்தம் 630 கிலோ, நாள் 30 என்றால் சராசரி 21. மொத்தம் / 30 என்று எழுதினால் வருவது 30! அதுவும் நம்பும்படியான எடைதான், யாருக்கும் சந்தேகம் வராது. எழுத வேண்டியது மொத்தம் டிவ் 30.

அதிகம் பேர் சறுக்குவது != குறியில். ஒரு நாள்கூட விடாமல் இலை போட்டவர்களை எடுக்க எடை != 0 என்று எழுதுவார்கள். ஒருவருக்குப் பல எடைகள் இருக்கும்போது, அவற்றில் ஏதாவது ஒன்று 0 இல்லாவிட்டாலே இது உண்மையாகிவிடும். மாதத்தில் ஒரே நாள் இலை போட்டவரும் பட்டியலில் வந்துவிடுவார். நாட்(எடை = 0) என்பதே சரி. ஆனால் எடைப் பதிவே இல்லாதவரும் இதில் தேறிவிடுவார் என்பதால், எடை ஆண்ட் நாட்(எடை = 0) என்று எழுதுவது நல்லது.

ஸ்கீமா (எது எண், எது எழுத்து என்று சொல்லும் விவரிப்பு) இணைக்காத கோப்பில் காலை < மாலை என்று ஒப்பிட்டால் எழுத்துச் சரமாகத்தான் பார்க்கும். 9, 10 இரண்டில் 9 பெரிதாகிவிடும். இரண்டையும் நம்பர்() போட்டு எண்ணாக்குங்கள்.

அப்புறம் கமா. இது மட்டும் பிழை காட்டும். ரிட்டர்ன் $பெயர், $எடை என்றால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் ஃபார் கமாவிலேயே முடிந்து, $எடை என்ற மாறியே இல்லை என்று பிழை வரும். ரிட்டர்ன் ($பெயர், $எடை) என அடைப்புக்குறி போட்டால் போதும்.