ஜெனரேட்டர் பராமரிப்புக் குறிப்பு: எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீசல் ஜெனரேட்டர் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் பராமரிப்புத் தாள்கள் பெரும்பாலும் வேலை தெரிந்தவருக்காகவே எழுதப்பட்டவை. தெரியாதவர் ஸ்பேனரும் கையுமாக நின்று படிக்கும்போதுதான் வினை.

பெரிய தவறு, எச்சரிக்கையைப் பின்னால் தள்ளுவது. “ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் அளவைப் பார்க்கவும். எஞ்சின் சூடாக இருந்தால் திறக்கக் கூடாது.” வரி வரியாகப் படித்துச் செய்பவர் அடுத்த வரிக்கு வருவதற்குள் கொதிநீர் முகத்தில் அடித்திருக்கும். “எஞ்சின் ஆறிய பிறகு” என்றுதான் தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: ஆட்டோ மோடில் இருக்கும் ஜெனரேட்டர் கரண்ட் போனால் தானே ஓடத் தொடங்கும். ஆட்டோ மோடை ஆஃப் செய்து, பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றச் சொல்லாத தாளைக் கிழித்தே போடலாம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது கடைசியில். ப்ளஸ்ஸில் முதலில் கைவைத்தால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் ஷார்ட் ஆகும். இந்தக் காரணத்தையும் அரை வரியில் எழுதிவிடுங்கள். வரிசையை மாற்றத் தோன்றாது.

அடுத்தது நம் தமிழ் நடை இழுத்துவிடும் வம்பு. “பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரைக் கழற்றி, புது ஃபில்டரின் கேஸ்கெட்டில் ஆயில் தடவி, கையால் இறுக்கி, புது ஆயில் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டுக் கசிவு பார்க்கவும்.” படிக்கச் சுகமாக ஓடுகிறது. ஆயிலை வடிக்கக் கழற்றிய டிரெயின் பிளக்கைத் திரும்ப மாட்டச் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? ஊற்றிய ஆயில் முழுக்கத் தரையில்தான். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக 1986-இல் ஐரோப்பாவில் வெளியான எளிய ஆங்கில விதிகள் இன்று ஏ.எஸ்.டி-எஸ்.டி.இ.100 என்ற பெயரில் இருக்கின்றன. அவற்றின்படி செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது. பொதுவாக ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலைதான். தமிழில் 10 சொல்லே தாராளம் என்பேன்.

“ஆயில் அளவு சரிபார்க்கப்பட வேண்டும்” என்றால் யார் பார்ப்பது, எங்கே பார்ப்பது? “டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் இருக்கிறதா பாருங்கள்” என்று எழுதினால் தீர்ந்தது. “நன்றாக இறுக்கவும்” இதைவிட மோசம். கை பலமுள்ளவர் மரையையே தேய்த்துவிடுவார். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கம்பெனி கையேட்டில் நியூட்டன் மீட்டர் கணக்கு இருந்தால் அந்த எண்ணை அப்படியே போடுங்கள்.

மேலே ஃபில்டர், கீழே வடிகட்டி என்று ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வேண்டாம். மெக்கானிக் வாயில் எது வருகிறதோ, அதுவே கடைசிவரை இருக்கட்டும்.

எழுதியதும், அந்த வேலையைச் செய்தே பழகாத ஒருவரிடம் தாளைக் கொடுங்கள். வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஆபத்தென்றால் மட்டும் வாய் திறக்கட்டும். புதியவர் எங்கெல்லாம் திணறுகிறார் என்று குறித்துத் திருத்திவிட்டு, அப்புறம் லேமினேஷனுக்குக் கொடுங்கள்.