குமரி மாவட்டத்தில் ஒரு மாலைப் பொழுதைச் சேர்ந்து கழிப்பது எப்படி

கடலும் மலையும் அணையும் பக்கத்திலேயே இருந்தும், நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் குடியிருக்கும் நம்மில் பலர் வெளியூர் விருந்தினர் வந்தால்தான் அந்தப் பக்கம் தலை காட்டுகிறோம். அப்போதும் காலையில் திற்பரப்பு, நண்பகலில் பத்மநாபபுரம், மாலையில் கன்னியாகுமரி என்று ஒரே நாளில் ஓடி முடித்து, யாரும் யாரோடும் நிதானமாக நான்கு வார்த்தை பேசாமலேயே வீடு திரும்புகிறோம். ஒரே ஓர் இடத்துக்கு, ஒரு மாலை முழுவதையும் கொடுத்து, வீட்டு ஆட்களோடு போய் உட்கார்ந்துவிட்டு வருவதற்கான வழிமுறை இது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கூட்டத்தில் யாருக்கு முழங்கால் வலி அதிகமோ அவரை முன்னிட்டே முடிவு செய்யுங்கள். மருந்துவாழ் மலையும் சிதறால் குன்றும் இளவட்டங்களுக்குச் சரி. ஆனால் பாட்டியை அடிவாரத்தில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மேலே ஏறினால், அது சேர்ந்து போன பயணம் ஆகாது. 1966இல் பரளியாற்றின் குறுக்கே கட்டப்பட்ட மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரத்தில் நின்றாலும், அதன் மேல் நடப்பதற்கு ஏற்றம் எதுவும் இல்லை. சமதளத்தில் நடப்பது போலவே மெல்ல நடக்கலாம். உயரத்தைக் கண்டு தலை சுற்றுபவர் ஒருவர் இருந்தால் தேரூர்க் குளக்கரை நல்லது. சங்குத்துறை, சொத்தவிளைக் கடற்கரைகளில் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டால் வேறு எதுவும் வேண்டியதில்லை.

அடுத்தது நாளும் நேரமும். அதிகக் கவனம் செலுத்த வேண்டியது இதில்தான். கன்னியாகுமரி முனையில் சூரியன் ஆண்டு முழுவதும் கடலில் மறைவதில்லை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் தென்மேற்கே சாய்ந்து கடலுக்குள் இறங்கும் சூரியன், மே முதல் ஜூலை வரை வடமேற்கே நகர்ந்து கரையின் பக்கமாக மறைகிறது. ஜூன் மாதத்தில் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் ஏராளம். முட்டத்திலிருந்து வடமேற்காகச் செல்லும் கரையில் இந்தச் சிக்கல் இல்லை, மழை மேகம் மட்டும் விலக வேண்டும்.

சித்திராப் பௌர்ணமியன்று மேற்கே சூரியன் இறங்கக் கிழக்கே நிலவு எழுவதைக் காண முனையில் கூட்டம் அலைமோதும். உண்மையில் எந்தப் பௌர்ணமியிலும் சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே நிலவு எழுகிறது; பூமிக்கு ஒரு பக்கம் சூரியனும் நேர் எதிர்ப்பக்கம் நிலவும் இருப்பதால்தான் அது முழுநிலவாகத் தெரிகிறது. ஆகவே தை மாதப் பௌர்ணமிக்குப் போங்கள். இரண்டு பக்கமும் கடல், வானமும் பெரும்பாலும் தெளிவு, இடித்துத் தள்ள ஆளில்லை. நாள் தவறிவிடக் கூடாது: முந்தைய நாள் நிலவு வெளிச்சம் இருக்கும்போதே ஏறிவிடும், மறுநாள் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகப் பிந்திவிடும். வீட்டில் தொங்கும் நாட்காட்டியே போதும். சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்னதாக இடம் பிடித்துவிட்டு, பாதிப் பேர் கிழக்கையும் பாதிப் பேர் மேற்கையும் பார்த்து உட்காருங்கள். யார் முதலில் கூப்பிடுகிறார்கள் என்ற போட்டியில் பிள்ளைகள் பெரியவர்களை வென்றுவிடுவார்கள்.

வெறுமனே உட்காரச் சொன்னால் பிள்ளைகள் கால் மணி நேரத்தில் நெளியத் தொடங்குவார்கள் என்பதால் கைகளுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து இரண்டு மூன்று சிரட்டைகளை எடுத்துச் செல்லுங்கள். இந்தக் கரையின் மணலில் இல்மனைட் என்ற கனிமம் கருப்பாகவும் கார்னெட் என்ற கனிமம் சிவப்பாகவும் கலந்து கிடக்கின்றன. இவை சாதாரண வெள்ளை மணலைவிடக் கனமானவை. அலை வந்து போன இடத்தில் ஒரு பிடி மணலைச் சிரட்டையில் அள்ளி, தண்ணீர் விட்டு மெதுவாகச் சுழற்றிச் சாய்த்தால் வெள்ளை மணல் முதலில் வழிந்தோடி, கருப்பும் சிவப்பும் அடியில் தங்கும். பிள்ளைகளுக்காகத் தொடங்கும் இந்த வேலையைத் தாத்தாக்கள் சிரட்டையைப் பிடுங்கிக்கொண்டு தொடர்வதும் உண்டு. தேரூருக்குப் போனால் வேலை கண்களுக்கு. சுசீந்திரம் தேரூர் ஈரநில வளாகம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அக்டோபருக்குப் பிறகு வலசைப் பறவைகளும் வந்து சேரும். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை: நீளக் கால்களால் மிதக்கும் இலைகளின் மேல் நடப்பது எது, முங்கி வேறிடத்தில் எழுவது எது என்று ஆளுக்கொரு பறவையைப் பொறுப்பாக ஒப்படைத்துவிடுங்கள்.

சாப்பாட்டை வீட்டில் செய்து கொண்டுபோவதே நல்லது, அதையும் எல்லோரும் சேர்ந்தே செய்யலாம். ஒருவர் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்து நறுக்க, இன்னொருவர் அவித்து நீரை வடிக்க, தேங்காயும் காந்தாரி மிளகும் புளியும் உப்பும் வைத்து மூன்றாமவர் சம்மந்தி அரைக்கட்டும். வாட்டிய வாழையிலையில் பொதிந்து எடுத்துக்கொண்டால் தட்டும் தேவைப்படாது. இனிப்புக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம் போதும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பழத்தை நாமே வாங்க மறந்துவிடுகிறோம். கருப்பட்டிக் காப்பியை மட்டும் பிளாஸ்கில் ஊற்றிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வந்தவுடன் ஒரு படம் எடுத்துவிட்டுப் பைக்குள் போட்டுவிடுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நலம்; அங்கே போய்ச் சொன்னால் சண்டையில்தான் முடியும்.

கடற்கரைக்குப் போவதானால் புறப்படும் முன் அன்றைய கடல் எச்சரிக்கையைப் பார்த்துவிட வேண்டும். தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழும் பெரிய அலைகள் காற்றோ மழையோ இல்லாத நாளிலும் நம் கரையை வந்து திடீரென அடிக்கும். இதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். கடல் பார்வைக்கு அமைதியாகத் தெரிகிறது என்பதை நம்பி, பாறை மேலோ அலை விளிம்பிலோ பிள்ளைகளை விடக் கூடாது. எச்சரிக்கை இருக்கும் நாளில் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை, பொதிந்த கிழங்கோடு வண்டியைத் தேரூர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள்.